குறுக்குக் கம்பு

நான் இரண்டு வருஷம் பனிச்சறுக்கு ரோந்துக்காரனாக வேலை பார்த்திருக்கிறேன். ஊர் தூத்துக்குடி. தூத்துக்குடியில் பனி ஏது என்று கேட்பவர்கள் எழுபத்து மூன்றாம் வருஷத்தில் எங்கள் உப்பளத்தைப் பார்த்திராதவர்கள். உப்பைக் கொட்டி வைக்கும் தட்டுமேட்டில் வரிசையாகப் பதினாறு அம்பாரம் நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று பனை உயரம். ஏழாம் நம்பர் அம்பாரத்தின் உச்சியில் சித்திரை மாதத்தில் குளிர் தாங்காமல் மப்ளர் கட்டியிருக்கிறேன். அங்கே ஒரு காக்கா உட்கார்ந்து மூன்று நாள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் போய்த் தொட்டுப் பார்த்தேன். கருவாடாகியிருந்தது.

எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் மாசானம். என் மனைவி சீனித்தாயின் அண்ணன். பன்னிரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஒரு தகரப் பெட்டி, ஒரு கறுப்புக் கண்ணாடி, ‘ஸ்கீ பட்ரோல்’ என்ற சொல் ஆகிய மூன்றோடு ஊருக்கு வந்தான். கண்ணாடியைத் தூங்கும்போது மட்டும் கழற்றுவான் என்று அவன் வீட்டில் சொன்னார்கள்.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் அளத்தில் ஒரு வண்டிமாடு உப்புக்குள் மூடிப்போயிருந்தது. காலம் தப்பி மழை பெய்தால் அம்பாரத்தின் மேல்தோல் இளகி, அடுத்த நாள் வெயிலில் ஓடு மாதிரி இறுகிவிடும். இறங்கின தண்ணீர் உள்ளேயிருந்து உப்பைத் தின்றுகொண்டே போகும். வெளியே பார்த்தால் மலை, உள்ளே பொந்து. அடிவாரத்தில் பெண்கள் உப்பை வெட்டி ஓலைப்பெட்டியில் அள்ளுவார்கள். அள்ள அள்ள மேலோடு தாழ்வாரம் போலத் தலைக்கு மேல் தொங்கும். எப்போது விழும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. மேலே ஏறித் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மாடு செத்ததில் இன்பமணி முதலாளிக்கு மனசு உடைந்திருந்தது. அவர் நாசரேத்துக்காரர், இரக்கமுள்ள மனுஷர், மாடும் அவருடையது. அந்த நேரம் பார்த்து மாசானம் அவர் முன்னால் போய் அட்டென்ஷனில் நின்றான்.

“காஷ்மீர்லயும் இதே கததான் மொதலாளி. பங்குனி வெயில் வந்தா பனி இளகும். மேல கெட்டியா கெடக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. அங்கன ஸ்கீ பட்ரோல்னு ஒரு கூட்டம் உண்டும். பலகையக் கால்ல கெட்டிக்கிட்டு மேலருந்து சறுக்கி வருவான். கம்பால தட்டிப் பாப்பான். சத்தம் சரியில்லன்னா ரெண்டு கம்பக் குறுக்கா நட்டுட்டுப் போயிருவான். பெறவு ஜெனரலே வந்தாலும் அந்தப் பக்கம் கால வைக்க மாட்டாரு.”

“கம்ப எப்பம் எடுப்பாவ?” என்று முதலாளி கேட்டார்.

“நட்டவன் கைதான் எடுக்கணும். வேற ஒருத்தன் தொடக் கூடாது. அது சட்டம்.”

முதலாளிக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே ரோந்துக்கு இரண்டு ஆள் என்று முடிவாயிற்று. ஒன்று முதல் எட்டு வரை மாசானம், ஒன்பது முதல் பதினாறு வரை நான். ஒருவன் ஓய்ந்தால் மற்றவன் இரண்டையும் பார்க்க வேண்டும். என்னைச் சேர்த்தது தகுதி பார்த்துத்தான். தங்கச்சி புருஷன் என்பது தகுதி.

பழைய தோணிப் பலகையை வாங்கி, தோணி ஆசாரியிடம் கொடுத்து, நெருப்பில் வாட்டி மூக்கை வளைத்து வாங்கினோம். காலில் கட்ட சைக்கிள் டியூப். கம்பு உப்பில் புதைந்துவிடாமல் இருக்க நுனியில் ஒரு சிரட்டை. முதல் நாள் ஏழாம் நம்பர் உச்சியிலிருந்து சறுக்கியவன் தட்டுமேட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, ரோட்டில் ஏறித் திருச்செந்தூர் பஸ்ஸை முந்திவிட்டேன். கண்டக்டர் சன்னல் வழியாகக் கையை நீட்டி டிக்கெட் கேட்டார். இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முதலாளியிடமும் சொன்னேன். அதுதான் பின்னால் வினையாயிற்று.

இன்னொரு காரியமும் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயக்காட்டில். எங்கள் ஊரில் களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்தால், அளக்கும்வரை அதன் மேல் சாம்பலால் முத்திரை போட்டு வைப்போம். முத்திரை கலைந்தால் யாரோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பசித்துக் கிடப்பவனும் முத்திரை போட்ட நெல்லைத் தொடமாட்டான். எங்கள் அப்பாவின் முத்திரைக்கட்டை என்னிடம் இருந்தது. பூவரசங்கட்டையில் சங்கு செதுக்கியது. நான் குறுக்குக் கம்பு நட்டால் அதன் அடியில் அந்தச் சங்கைப் பதித்துவிட்டுத்தான் இறங்குவேன். உப்பில் சாம்பல் எடுபடவில்லை என்று வேட்டிக்குப் போடும் நீலத்தைக் கலந்துகொண்டேன்.

“காஷ்மீர்ல இதெல்லாம் கெடையாது மாப்ள” என்றான் மாசானம்.

“எங்க ஊர்ல உண்டும் மச்சான்” என்றேன்.

சீனித்தாய் அடிவாரத்தில்தான் வேலை பார்த்தாள். அவளும் செல்லக்கிளியும் ஜோடி. ஒருத்தி வெட்டுவாள், ஒருத்தி அள்ளுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பாள். கை நனைந்தாலும் ஒருமுறை மேலே பார்ப்பாள். ரோந்து வேலை கிடைத்த அன்று அவளிடம் சொன்னேன்.

“ஏளா, கம்பு இருந்தா எமனே கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் போவாத. கம்பு இல்லன்னா தைரியமாப் போ. மேல நான் தட்டிப் பாத்திருப்பேன்.”

அவள் கையிலிருந்த ஓலைப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

“கம்பு விசயத்துல வெளையாட மாட்டீங்கள்லா?”

“மாட்டேன்.”

“சரி” என்றாள்.

ஒன்பது வருஷத்தில் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ‘சரி’ அது. அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதற்குப் பிறகு கம்பு நடுவதில் ஒரு நாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை. திருச்செந்தூர் பஸ் விஷயத்தில் நான் எப்படி வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். கம்பு விஷயத்தில் கோயில் பூசாரி மாதிரி இருந்தேன்.

ரோந்துக்கு வந்த இரண்டாம் வருஷம் மாசி மாதம் மூன்று நாள் மழை அடித்தது. தையிலேயே இனி மழை இல்லை என்று அம்பாரங்களின் மேலிருந்த ஓலையைப் பிரித்திருந்தார்கள். பதினாறு மலையும் மொட்டைத் தலையோடு நனைந்தன. ஓடையெல்லாம் உப்புத்தண்ணீர். மீன்கள் தாகம் தாங்காமல் கரைக்கு வந்து வாயைத் திறந்தன. நாலாம் நாள் காலையில் வெயில் வந்தது. மலைகள் பளபளவென்று இறுகின.

மாசானத்துக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் அவன் பங்கையும் சேர்த்து நானே ஏறினேன். ஏழாம் நம்பர் கிழக்குச் சரிவில் கம்பால் தட்டியதும் காலிக் குடம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தட்டு தட்ட எனக்கே பயமாக இருந்தது. கம்பைக் குறுக்கே நட்டேன். சங்கைப் பதித்தேன். ஈர உப்பு நீலத்தை உறிஞ்சிக்கொண்டது. ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். கீழே வந்து மாசானத்திடம், “கெழக்கப் பக்கம் சரியில்ல மச்சான், நட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கடைசி அம்பாரங்களைப் பார்க்கப் போனேன்.

பதினான்காம் நம்பர் உச்சியில் நிற்கும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யானை ஒன்று நின்று அலுத்துப்போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பினேன். ஏழாம் நம்பருக்குக் கிழக்குப் பக்கம் இல்லை.

அப்போது நான் எப்படிச் சறுக்கினேன் என்று ஊரில் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். உண்மை இது: இரண்டு முறை விழுந்தேன். ஒரு பலகை கழன்று போயிற்று. மீதித் தூரம் ஒரு காலில் பலகையோடு ஓடினேன்.

மண்வெட்டியை விட்டுவிட்டுக் கையால் தோண்டினோம். உள்ளே ஆள் இருக்கும்போது வெட்டக் கூடாது. செல்லக்கிளி பெட்டியோடு லாரிப் பக்கம் போயிருந்ததால் தப்பித்தாள். சீனித்தாயின் காலி ஓலைப்பெட்டி கவிழ்ந்து அவள் தலையை மூடியிருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்த காற்றில்தான் உயிர் இருந்தது. இடது கால் தொடையில் முறிந்திருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. என் கை என்று எப்படியோ கண்டுகொண்டாள்.

“கம்பு இல்லியே” என்றாள்.

வண்டியில் ஏற்றினோம். எங்கள் அளத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செல்லக்கிளி, சரிந்து கிடந்த கட்டிகளில் நாலைந்தைப் பொறுக்கிச் சீனித்தாயின் ஓலைப்பெட்டியில் போட்டு அவள் பக்கத்தில் வைத்தாள்.

“மேல விழுந்த உப்ப விட்டுட்டுப் போவக் கூடாது. அது திரும்பக் கூப்பிடும்” என்றாள்.

நான் கம்பைத் தேடினேன். சரிந்த உப்பில் இல்லை. ரோந்துக் கொட்டகைக்குப் போனேன். இரண்டு கம்பும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சிரட்டையைக் கழுவிக்கூட வைத்திருந்தான். மாசானம் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனாகவே சொன்னான்.

“தோணி நிக்கி மாப்ள. கொல்லத்துக்குக் காத்து தோதா இருக்கு. லாரி வந்து கெடக்கு. கங்காணி ஏசுவடியான் நெருக்குதான். வெயிலும் நல்லா அடிச்சிட்டு. கீழருந்து தட்டிப் பாத்தேன். சத்தம் சரியாத்தான் கேட்டுது. இடுப்பப் பிடிச்சிக்கிட்டே ஏறி எடுத்துட்டேன்.”

“நட்டவன் கைதான எடுக்கணும்.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். பகல் வெளிச்சத்தில் அவன் கண்ணை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சீனித்தாயின் கண் மாதிரியே இருந்தது.

“அப்படி ஒரு சட்டம் கெடையாது மாப்ள. நான் பட்ரோல்ல இல்ல. அங்கன குக்ஹவுஸ்ல ரொட்டி சுட்டேன். அவனுவ கம்பு நடுததச் சன்னல் வழியாப் பாத்திருக்கேன். எடுக்கதப் பாத்ததில்ல.”

“பெறவு எதுக்கு அப்படிச் சொன்ன?”

“மொதலாளி கேட்டாரு. வாயில வந்துட்டு.”

நான் சொன்ன பொய்களை எல்லாம் சேர்த்தால் பதினேழாவது அம்பாரம் வரும். ஆனால் அதில் ஒன்றின் மேலும் நான் யாரையும் நிற்க வைத்ததில்லை. அவன் வாயில் வந்த ஒரு வார்த்தையின் கீழே என் பெண்டாட்டியை இரண்டு வருஷம் நிற்க வைத்திருந்தேன். அவனுடைய தங்கச்சி அவள்.

“நாளைக்கு மொதலாளிகிட்ட சொல்லிரு” என்றேன்.

“சொல்லுதேன்.”

“சீனிகிட்டயும் சொல்லணும்.”

“சொல்லுதேன் மாப்ள” என்று கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸ் தகரக் கொட்டகையில் விசாரணை. முதலாளி நாற்காலியில். மாசானம் அட்டென்ஷனில். கங்காணி ஏசுவடியான் கடல் பக்கம் பார்த்து நின்றார். கடலில் அன்று பார்க்க ஒன்றும் இல்லை. தோணி போய்விட்டது.

“ஏழாம் நம்பர்ல கம்பு நடப்படல சார்” என்றான் மாசானம். அவ்வளவு தெளிவாக, ஒரு மூச்சில் சொன்னான். பட்டாளத்தில் பொய்யைக்கூட நல்ல சத்தமாகச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நான் நட்டதைச் சொன்னேன். சங்கு பதித்ததைச் சொன்னேன். நீலம் ஒரு சாண் ஆழம் இறங்கியிருக்கும், உடைத்துப் பாருங்கள் என்றேன். முதலாளி நியாயஸ்தர். ஆறு ஆளை விட்டு மத்தியானம் வரைக்கும் சரிவை உடைத்துப் பார்த்தார். கட்டி கட்டியாக உடைத்தார்கள். எல்லாம் வெள்ளை.

“ஏலே நயினாரு” என்றார் என்னைப் பார்த்து. “போன மாசம் திருச்செந்தூர் பஸ்ஸ முந்துனேன்னு எங்கிட்ட சொன்னியா இல்லியா?”

“முந்துனேன் மொதலாளி.”

“காக்கா கருவாடான கத?”

“அதுவும் ஏழாம் நம்பர்தான்.”

“இன்னைக்கு நீலச் சங்கு.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை வருஷமும் அந்த இடத்தில் அவர்களை நானேதான் சிரிக்கப் பழக்கியிருந்தேன்.

“அடிபட்டவ என்ன சொல்லுதான்னு கேட்டுருவோம்” என்று முதலாளி எழுந்தார்.

வீட்டில் சீனித்தாய் பாயில் கிடந்தாள். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கண் இரண்டும் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தாலும் திறந்திருந்தன. முதலாளி குனிந்து கேட்டார்.

“கம்பு இருந்துதா தாயீ?”

“இல்ல மொதலாளி.”

அது உண்மை. அவள் போகும்போது கம்பு இல்லை.

“நீலமா எதாவது அடையாளம் கண்ணுல பட்டுதா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கையைப் பின்னால் கட்டி நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

“உப்பு வெள்ளையாத்தான் இருந்துது” என்றாள்.

என்னை ரோந்திலிருந்து எடுத்துப் பாத்தியில் உப்பு வாரும் வேலைக்குப் போட்டார்கள். சறுக்குப் பலகையை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது போனால் போகட்டும். சீனித்தாயின் கால் முறிந்ததற்கு நான் காரணம் என்று அவள் நினைக்கிறாளே என்பதுதான் என்னை அரித்தது. தினமும் பாய் ஓரத்தில் உட்கார்ந்து சொல்வேன்.

“நட்டேன்ளா. சங்கும் வச்சேன். ஒங்க அண்ணன் எங்கிட்ட ஒத்துக்கிட்டான்.”

“விடுங்க. நடந்தது நடந்துட்டு” என்பாள்.

நம்புகிறேன் என்றும் சொல்லமாட்டாள், நம்பவில்லை என்றும் சொல்லமாட்டாள். ஐந்தாறு நாள் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸை முந்தினதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கம்பு நட்டதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டில் எது நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது. அளத்துக்குப் போகும் வழியில் நின்று, நீலத்தின் வாசனை இருக்கிறதா என்று கைவிரலை முகர்ந்து பார்த்தேன்.

அதுவரை செல்லக்கிளிதான் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துப் பொங்கினாள். ஒன்பதாம் நாள் சீனித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தானே உலை வைத்தாள். மத்தியானம் நான் வந்ததும் மோர் ஊற்றிப் பிசைந்த சோற்றைக் கும்பாவில் போட்டு நகர்த்தினாள்.

சோறு வெளிர் நீலமாக இருந்தது. மழை கழுவிவிட்ட வானத்தின் நிறம்.

“சோறு நீலமா இருக்கேளா” என்றேன்.

“மோரு பழசு” என்றாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். ஓலைப்பெட்டி காலியாக ஆணியில் தொங்கியது. உப்பு போட்டு வைக்கும் மரவையின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு கட்டி இருந்தது. மேல்பக்கத்தில் கம்பு நின்ற துளை. அதன் கீழே என் அப்பாவின் சங்கு. வால் பக்கம் கரண்டியால் சுரண்டப்பட்டிருந்தது. வாய்ப்பக்கம் முழுசாக, நேற்றுப் பதித்த மாதிரி இருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் அவள் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது.

“வண்டியில வரும்போதே கையால தடவிப் பாத்துட்டேன். கண்ணு தெறந்ததும் நிறத்தையும் பாத்தேன்.”

“மொதலாளி வந்தப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“பெறவு?”

“எங்கண்ணனுக்கு ரெண்டு பொம்பளப்பிள்ள நிக்கி. வேலை போச்சுன்னா அவன் எங்கன போவான்.”

“நான்?”

“ஒங்களுக்கென்ன. நீங்க என்ன சொன்னாலும் ஊரு சிரிச்சிட்டுப் போயிரும். அவன் சொன்னா நம்பித்தான ஆவணும். அவனப் பொய்யன்னு சொல்லிட்டா அவங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

அவள் என்னை நம்பியிருந்தாள். ஒன்பது நாளும் நம்பிக்கொண்டேதான் ‘விடுங்க’ என்று சொல்லியிருக்கிறாள். நான் வேண்டியது அதுதான். கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கட்டியைக் கையில் எடுத்தேன். முதலாளி வீடு அரை மணி நேர நடை. பாதிச் சங்கு போதும். துளை போதும். அவள் சுவரில் சாய்ந்தபடி, கட்டின காலை நீட்டிக்கொண்டு, போகாதீர்கள் என்று சொல்லாமல் இருந்தாள். வாசல் திறந்துதான் இருந்தது.

கட்டியை மரவையில் வைத்து மூடினேன். கும்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு வாய் அள்ளிப் போட்டேன்.

“உப்பு காணுமா, பத்தலியா?” என்று கேட்டாள்.

“காணல. இன்னும் கொஞ்சம் போடு” என்றேன்.

அந்தச் சங்கு தீர மேலும் பதினோரு நாள் ஆயிற்று. கடைசியில் வாய்ப்பக்கம் கருவாட்டுக் குழம்பில் போனது. மாசானம் அன்று தங்கச்சியைப் பார்க்க வந்திருந்தான். கண்ணாடியைக் கழற்றாமல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருக்கிறது என்றான்.

அந்த வருஷம் ஆடி வரைக்கும் எனக்கு வியர்வை நீலமாக வந்தது. பாத்தியில் நின்று உப்பு வாரும்போது வெள்ளை உப்பில் சொட்டுச் சொட்டாக விழும். கூட வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருத்தரும் நம்பவில்லை.